கன்னிமார் ஓடைப் பாதையில் இடது பக்க சீட்

ஜூன் 3, திங்கள்

டாக்டர் ஜெஸிந்தாவுக்கு என் மகளை விட வயது குறைவு. அவர் சொல்கிறார், நான் ஒரு மாதம் வண்டி ஓட்டக் கூடாதாம். முப்பத்தோரு வருடம் அரசுப் பேருந்து ஓட்டியவன் நான். அதில் இருபத்திரண்டு வருடம் மலைப்பாதை. ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை.

லைசென்ஸைப் புதுப்பிக்க டாக்டர் கையெழுத்து வேண்டும் என்பதால்தான் அம்பாசமுத்திரம் வரை போனேன். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். 164/100. எடுத்த பேனாவை மூடி வைத்துவிட்டார்.

“தலை சுத்தல் ஏதாவது உண்டா ஐயா?”

இல்லை என்றேன். பக்கத்தில் இருந்த என் மனைவி ஆவுடை, “அந்த வாழைத்தார் விசயத்தைச் சொல்லுங்க” என்றாள். அதில் சொல்ல ஒன்றுமில்லை. போன மாதம் சந்தை ரோட்டில் ஒரு பழக்கடை முன்னால் காரை நிறுத்தினேன். கடைக்குக் கொஞ்சம் நெருக்கமாக நின்றுவிட்டது. நான்கு தார் பானெட்டில் விழுந்தது. கயிறு இற்றுப் போயிருந்தது, அவ்வளவுதான்.

டாக்டர் மாத்திரை எழுதினார். பிறகு சட்டம் போட்டார். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் அம்மா கார் ஓட்ட வேண்டும், நான் இடது பக்கம் உட்கார்ந்து கன்னிமார் ஓடைப் பள்ளத்தாக்கு வழியாக ஒரு சுற்றுப் போய்வர வேண்டும். மரத்தைப் பார்க்க வேண்டும், தண்ணீரைப் பார்க்க வேண்டும், மனசு லேசாகுமாம். புறப்படும் முன்னும் வந்த பின்னும் பிரஷர் பார்த்து ஓர் அட்டையில் எழுத வேண்டும். மனசில் கிடப்பதை ஒரு நோட்டில் எழுதினால் நல்லது, அதை அவர் படிக்க மாட்டார். ஜூலை 3 அன்று அட்டையோடு வர வேண்டும். மாத்திரை பிடிக்கும் முதல் ஓரிரு நாள் போக, எல்லாம் 140-க்குள் இருந்தால் கையெழுத்து.

இல்லையென்றால் ஆயுசுக்கும் இடது பக்க சீட்தான். அந்த நோட்டுத்தான் இது, கூட்டுறவுச் சங்கத்தில் ஓசியாகக் கொடுத்த டைரி.

ஜூன் 4, செவ்வாய்

மகள் கோயம்புத்தூரிலிருந்து ராத்திரி பஸ்ஸிலேயே பிரஷர் மெஷின் அனுப்பியிருக்கிறாள். 166/98. ஆவுடை வாங்கி வந்த கீரையில் மண்.

ஜூன் 5, புதன்

முதல் சவாரி.

ஓடைப் பாதை பதினான்கு கிலோமீட்டர். கீழே ஒரு வனத்துறை செக்போஸ்ட், மேலே ஒன்று. கீழே நேரம் எழுதிச் சீட்டுக் கொடுப்பார்கள், மேலே அதை வாங்கிப் பார்ப்பார்கள். இருபத்தெட்டு நிமிடத்துக்குள் வந்து சேர்ந்தால் வேகமாக வந்ததற்கு அபராதம். நாற்பத்தைந்துக்கு மேல் ஆனால் காட்டுக்குள் இறங்கி நின்றதற்கு அபராதம். நான் பஸ்ஸில் எப்போதும் இருபத்தொன்பது நிமிடம். மழை பெய்தாலும் இருபத்தொன்பது. ஆவுடை இன்று நாற்பத்து நாலு.

இவள் கார் ஓட்டப் பழகி இரண்டு வருடம் ஆகிறது. முதலில் நான்தான் கற்றுக் கொடுத்தேன், மூன்று நாள். நாலாவது நாள் அவளாகப் போய் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டாள். முதல் தடவையிலேயே பாஸ். இப்போதெல்லாம் பரீட்சையைச் சுலபமாக்கிவிட்டார்கள்.

“மரத்தைப் பாக்கச் சொன்னாவல்லா டாக்டரு” என்றாள். பார்த்தேன். கண்ணாடிக்கு ஒன்றரை அடி பக்கத்தில் இருந்தது. அதைத்தான் சொன்னேன்.

மொத்தம் நாற்பத்தோரு தப்பு. ஒவ்வொன்றையும் அந்தந்த இடத்திலேயே எடுத்துச் சொன்னேன், பிறகு சொன்னால் விளங்காது. ஆவுடை ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. அவ்வளவு சாந்தம். ஸ்டியரிங்கை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அதுவும் தப்பு, அதையும் சொன்னேன்.

மேல் செக்போஸ்ட் வாட்சர் தங்கசெல்வம் என் பஸ்ஸில் ஏறி வளர்ந்தவன். சீட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். “அண்ணாச்சி, நீங்க பஸ்ஸுல வரும்போது நாங்க உங்களப் பாத்துல்லா கடிகாரத்தைச் சரி பண்ணுவோம்.”

“அது அந்தக் காலம்” என்றேன்.

“மயினி பதனமா ஓட்டுதாவ. நல்லதுதான்.”

போகும் முன் 162/98. வந்த பின் 168/100. மனசு லேசாகிற லட்சணம் இது.

ஜூன் 7, வெள்ளி

அட்டையில் இரண்டு எண்ணும் 160-க்கு மேல். இப்படியே போனால் கையெழுத்து எங்கே கிடைக்கும்?

ஒரு யோசனை. காலையில் ஆவுடை புட்டு அவித்துக்கொண்டிருந்தாள். “மெஷின் சரியா வேலை செய்யுதான்னு முதல்ல ஒரு நல்ல ஆளுக்குப் போட்டுப் பாக்கணும், அதுதான் முறை” என்றேன்.

“எந்த ஊரு முறை இது?”

“எல்லா ஊரு முறையும்தான். கையை நீட்டு.”

மாவுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நீட்டினாள். மெஷின் முகத்தை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டேன். 126/80. பொன் போன்ற எண். அட்டையில் எழுதிவிட்டேன்.

இதைப் பொய் என்று சொல்ல முடியாது. புருசனும் பெண்டாட்டியும் ஒன்று என்று தாலி கட்டும்போது ஐயர் சொன்னார். ரேஷன் கார்டுகூட ஒன்றுதான்.

ஜூன் 10, திங்கள்

சவாரி முடிந்து வந்ததும் ஆவுடை கையில் போட்டேன். 158/94.

பேட்டரி வீக்காக இருக்கும். புதுசு வாங்கிப் போட்டு மறுபடி அவள் கையில். 156/94. என் கையில் போட்டேன், 144/90. சவத்து மெஷின், ஆளை மாற்றிக் காட்டுகிறது. மகளிடம் சொன்னால் வருத்தப்படுவாள். அட்டையில் 136/86 என்று நடுவாக ஒன்றைப் போட்டேன்.

இன்றைய தப்பு முப்பத்தெட்டு.

ஜூன் 12, புதன்

சாரல். கண்ணாடி பூராவும் பூப்போட்ட மாதிரித் துளி. வைப்பரை எப்போது போட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

மூன்றாம் வளைவுக்குக் கீழே ஓடை பாறையில் சரிந்து இறங்கி ஒரு தடாகமாகத் தேங்கி நிற்கிறது. பச்சைத் தண்ணீர், அடியில் கிடக்கும் கூழாங்கல் வரை தெரிகிறது. இருபத்திரண்டு வருடம் அந்த வளைவைத் திருப்பியவனுக்கு அது அங்கே இருப்பதே தெரியாது. டிரைவர் ரோட்டைப் பார்ப்பவன், இடது பக்கம் பயணிகளுக்கு உள்ளது. ஒரு மலை அணில் வாலைத் தொங்கவிட்டுக் கிளை தாண்டியது. ஏதோ ஒரு பூ வாசனை வேறு. கொஞ்ச நேரம் நன்றாகத்தான் இருந்தது. அதற்குள் ஆவுடை கிளட்சை அமுக்கியபடியே இறக்கத்தில் விட்டாள், சும்மா இருக்க முடியுமா?

வீட்டுக்கு வந்து என் கையில் 138/88. அவள் கையில் 166/98.

இப்போது பிடிபட்டுவிட்டது. புறப்படும் முன் ஆவுடை கை, வந்த பின் என் கை. அட்டை அழகாக இருக்கிறது.

ஜூன் 14, வெள்ளி

தப்பு முப்பத்தாறு. ஆவுடைக்குத் தலைவலி, வந்ததும் தைலம் தேய்த்துப் படுத்துவிட்டாள். ரசம் நான் வைத்தேன். சுமார்.

ஜூன் 17, திங்கள்

மெஷினை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் தன் கையில் போட்டுப் பார்த்தார். 118/76. வாங்க வந்த ஓர் அம்மாளுக்குப் போட்டார். 130/82.

“மெஷின் நல்லாத்தானே இருக்கு. யாருக்குக் கூடக் காட்டுது?”

“தெரிஞ்சவங்களுக்கு” என்றேன்.

“அப்ப தெரிஞ்சவங்களை டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க.”

கடைக்காரருக்கு இருபத்தாறு வயதிருக்கும். அவருக்கு என்ன தெரியும்.

ஜூன் 19, புதன்

எனக்குச் சளி. மாத்திரை போட்டதில் கீழ் செக்போஸ்ட் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டேன். விழித்தபோது மேல் செக்போஸ்ட்டில் தங்கசெல்வம் ஜன்னலைத் தட்டிக்கொண்டிருந்தான்.

“அண்ணாச்சி, மயினி பாட்டுப் படிச்சிக்கிட்டே வந்தாவ. வளைவுலயே கேட்டுச்சு.”

“ஆவுடையா?”

“பின்ன, நீங்களா?”

கல்யாணமாகி முப்பத்தாறு வருடம். ஆவுடை பாடி நான் கேட்டதில்லை. இறங்கும்போதும் தூங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து அவள் கையில் போட்டேன். 132/84.

மெஷின் சரியாகிவிட்டது போல.

ஜூன் 21, வெள்ளி

இன்று மெஷினைக் காரிலேயே கொண்டு போனேன். மேலே போய்ச் சேரும்வரை வாயைத் திறக்கவில்லை. எட்டாம் வளைவில் எதிரே லாரி வந்தபோதும் திறக்கவில்லை, பல்லைக் கடித்ததில் தாடை வலிக்கிறது. தங்கசெல்வம் நாற்காலி போட்டுக் கொடுத்தான். ஆவுடை கையில் போட்டேன். 136/84.

இறங்கும்போது வழக்கம்போலப் பேசினேன். கீழ் செக்போஸ்ட்டில் மறுபடி போட்டேன். 172/100.

“இது என்னத்துக்கு இங்கன வச்சு?” என்று கேட்டாள்.

“மெஷினுக்கு மலைக்காத்து ஒத்துக்கிடுதான்னு பாக்கேன்.”

இன்று இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 24, திங்கள்

மழை பலமாக இருக்கிறது, சவாரி வேண்டாம் என்றேன். மழை பலமாக இல்லை.

ஊறுகாய்ப் பரணியைத் தூக்கிப் பீரோவுக்குள் வைத்தேன். அப்பளத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். என் பிரஷருக்கு உப்பு ஆகாது, வீட்டில் இனிமேல் எல்லாருக்கும் அரை உப்புத்தான் என்று சொன்னேன்.

“பிரஷர் உங்களுக்கா, எனக்கா?” என்றாள் ஆவுடை.

சாப்பிடும்போது புரையேறிவிட்டது.

ஜூன் 26, புதன்

சவாரி. மூன்றே மூன்று தப்புத்தான் சொன்னேன். மற்றதை விழுங்கினேன். அவள் கை 148/90.

கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். அட்டையில் முதல் நாள் போக எல்லாம் 140-க்குள். இன்னும் ஒரு வாரத்தில் கையெழுத்து. இப்போது போய் ஆவுடைக்குப் பிரஷர் என்று சொன்னால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று டாக்டர் கேட்பார். அட்டை கிழிந்துவிடும். இந்த ஜென்மத்தில் அந்தப் பொண்ணு எனக்குக் கையெழுத்துப் போடாது.

ஜூலை 3 அன்று கையெழுத்தை வாங்கிக்கொண்டு, ஜூலை 4 அன்று நானே காரில் ஆவுடையைக் கூட்டிக்கொண்டு போகலாம். ஒரு வாரத்தில் என்ன ஆகிவிடும்? அவளுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும், அந்தத் தலைவலியாகக்கூட இருக்கலாம்.

ஜூன் 28, வெள்ளி

பதினோராம் வளைவு தாண்டியதும் ஆவுடை வண்டியை ஓரமாக நிறுத்தினாள். சீட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, காட்டுக்குள் நிற்கக் கூடாது. சொல்ல வாயெடுத்தேன்.

“ஏங்க, கொஞ்சம் கண்ணைக் கட்டுது” என்றாள்.

முகத்தில் வியர்வை. ஹேண்ட் பிரேக்கைப் போட்டிருந்தாள், கியரில் வைத்திருந்தாள், அந்த நிலைமையிலும் எல்லாம் சரியாகச் செய்திருந்தாள். ஓடைச் சத்தம் மட்டும் கேட்டது. போனில் சிக்னல் இல்லை. பாட்டில் தண்ணீரைக் கைக்குட்டையில் நனைத்து நெற்றியில் வைத்தேன். மெஷின் பின் சீட்டில் இருந்தது. எடுக்கப் பயமாக இருந்தது, எடுக்கவில்லை.

கண்ணை மூடியபடியே சாவியை நீட்டினாள். “நீங்க ஓட்டுங்க. லைசென்ஸ் என்ன லைசென்ஸ், இங்கன யாரு பாக்கா?”

ஒரு மாதமாக இந்தச் சாவிக்காகத்தான் தவம் கிடக்கிறேன். வாங்கவில்லை. சந்தை ரோட்டில் கயிறு இற்றுப் போகவில்லை. பழக்கடைக்கு முன்னால் எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. கண் விழித்தபோது கண்ணாடி முழுக்க வாழைப்பழம். கடையில் ஆள் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. ஆவுடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பள்ளத்தின் ஓரமாக அந்தப் பாதையில் இறங்க எனக்குத் தைரியம் இல்லை.

“கொஞ்சம் இருந்துட்டுப் போலாம்” என்றேன்.

ஒரு மணி நேரத்துக்கும் மேல் இருந்தோம். நேரமாகிவிட்டதே என்று தங்கசெல்வம் இன்னொரு வாட்சரோடு பைக்கில் தேடி வந்துவிட்டான். எங்களைப் பார்த்ததும் அபராதப் பேச்சையே எடுக்கவில்லை. அவனே காரை எடுத்து இறக்கினான். பிரேக்கைத் தேய்த்துத் தேய்த்து ஓட்டுகிறான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் 29, சனி

காலையில் முதல் டோக்கன் போட்டு டாக்டரிடம் போனோம். ஆவுடை எனக்காக வந்ததாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் ஜெஸிந்தா அட்டையை வாங்கி மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். முகம் மலர்ந்துவிட்டது. “பரவாயில்லையே ஐயா, அருமையாக் குறைஞ்சிருக்கு. ஜூலை 3 வரைக்கும் என்னத்துக்கு, இப்பவே போட்டுடலாம்.” மேசை டிராயரிலிருந்து என் சான்றிதழை எடுத்தார். பேனா மூடியைக் கழற்றினார். முதல் எழுத்துக்குப் பேனாவை வைத்தும்விட்டார்.

“டாக்டரம்மா, அது என் கை இல்ல” என்றேன்.

“எது?”

“அந்த அட்டையில பாதிக் கை இவளோடது.”

பேனா நின்றுவிட்டது. டாக்டருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், எது யாருடைய எண் என்று கேட்டார். அட்டையைப் பார்த்தால் எனக்கே தெரியாது, இந்த டைரியில்தான் இருக்கிறது. படிக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவரிடம் நானே எடுத்து நீட்டினேன். பத்து நிமிடம் படித்தார். நடுவில் ஒரு இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டார். ரேஷன் கார்டு என்று நினைக்கிறேன். கடைசிப் பக்கம் வந்தபோது சிரிப்பு இல்லை.

ஆவுடை கையில் பட்டையைச் சுற்றினார். 178/104.

“அம்மா, எவ்வளவு நாளாத் தலைவலி?”

“சித்திரையில இருந்தே இருக்கு. கண்ணாடியால இருக்கும்னு விட்டுட்டேன்.”

“இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா மூளையில நரம்பு வெடிச்சிருக்கும். நல்ல வேளை, இந்தத் திருட்டு வேலை நடந்துச்சு.” பிறகு என் கையில் போட்டார். 134/84. “உங்களுக்கு மாத்திரை நல்லாவே கேட்டிருக்கு. ஒழுங்கா உங்க கையில பாத்து எழுதியிருந்தாலே நான் கையெழுத்துப் போட்டிருப்பேன்.”

“இப்பப் போடலாமே” என்றேன்.

சான்றிதழ் டிராயருக்குள் போய்விட்டது. பழக்கடையில் மயங்கியதற்கு நான் தனியாக ஒரு டெஸ்ட் எடுக்க வேண்டுமாம். அது சரியாக இருந்தால், இன்னொரு மாதம் என் கையிலேயே பார்த்து எழுதிய அட்டையோடு வர வேண்டும். ஆவுடைக்கு மாத்திரை, இரண்டு வாரம் ஓய்வு. அதன் பிறகு அதே ஓடைப் பாதை. ஒரு புதுச் சட்டம்: அம்மா ஓட்டும்போது ஐயா பேசக் கூடாது.

ஆட்டோவில் திரும்பினோம். ஊர் எல்லை வந்ததும் ஆவுடை வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“கல்யாணமான நாள்ல இருந்து நீங்க என் கையைப் புடிச்சது மொத்தமும் இந்த ஒரு மாசத்துலதான். அதுவும் களவாங்கதுக்கு.”

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். ரோட்டைப் பார்த்து ஓட்டச் சொன்னேன்.

ஜூலை 8, திங்கள்

டெஸ்ட் ரிப்போர்ட் வந்துவிட்டது. இதயம் சுத்தம். மயக்கத்துக்குக் காரணம் பிரஷர்தானாம். அப்படியானால் கையெழுத்துக்குத் தடை ஒன்றுதான், என் எண் மட்டும் இறங்கி இருக்க வேண்டும். ஆவுடை பீரோவிலிருந்து ஊறுகாயைக் கண்டுபிடித்துவிட்டாள். பறித்து வைத்தேன்.

ஜூலை 15, திங்கள்

டாக்டர் ஆவுடையைப் பார்த்துவிட்டு ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார். புது அட்டை கொடுத்திருக்கிறார். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே அட்டை, நடுவில் சிவப்புக் கோடு. இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது ஐயா என்றார்.

வீட்டிலிருந்து புறப்படும்போது எனக்கு 132/82, ஆவுடைக்கு 138/86.

சட்டப்படி வாயைத் திறக்கவில்லை. போக நாற்பத்து மூன்று நிமிடம், வர நாற்பத்து நாலு. மூன்றாம் வளைவு வரை ஆவுடை ஓரக்கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தாள். நாலாம் வளைவில் தொண்டையைச் செருமினாள். ஐந்தாம் வளைவில் பாடத் தொடங்கிவிட்டாள். ஏதோ கும்மிப் பாட்டு. குரல் அப்படி ஒன்றும் பிரமாதமில்லை. ஆனால் மேலே போய்ச் சேர்ந்த பிறகும் அவள் முடிக்கும்வரை நான் கதவைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அவளுக்குப் போட்டேன். 126/80.

எனக்கு அவள் போட்டாள். 158/96.

“என்னங்க இது, போகும்போது நல்லால்லா இருந்துச்சு?”

“மெஷின் சரியில்ல” என்றேன்.

என்னையே பார்த்தாள். “பேசாம வந்தது உள்ள ஏறிட்டோ? வேணும்னா போகும்போது நாலு, வரும்போது நாலு சொல்லிக்கிடுங்க. நான் தாங்கிக்கிடுதேன். உங்களுக்குக் கையெழுத்து வேண்டாமா?”

“வேண்டாம், நீ பாடு” என்றேன்.

அட்டையை எடுத்துக் கோட்டுக்கு இந்தப் பக்கம் 158/96 என்று மையால் எழுதினேன். பென்சிலில் எழுதவில்லை. ஆவுடை அடுப்படிக்குப் போய்விட்டாள், அங்கேயும் அந்தப் பாட்டுத்தான்.

இரண்டாம் கியரில் ஏற்ற வேண்டிய ஒன்பதாம் வளைவை இன்று மூன்றாம் கியரில் ஏற்றினாள். நான் ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.